'வித்தவுட் யூ' யாருடைய பாட்டு? மரியா கேரி, நில்சன், பேட்ஃபி

#1 பழையகேசட் | வெள்ளி, இரவு 10:12

ஒரு சின்ன அவமானத்தோடு இந்த இழையைத் தொடங்குகிறேன்.

போன வாரம் அலுவலகத்தில் ஒரு வழியனுப்பு விழா. எல்லாம் முடிந்து ஐஸ்கிரீம் கிண்ணத்தோடு நின்றுகொண்டிருந்தபோது, புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் போனில் ஒரு பாட்டை ஓடவிட்டான். பியானோ தொடங்கியதுமே பிடித்துவிட்டேன், 'வித்தவுட் யூ'. "மரியா கேரி பாட்டை யாரோ ஆண் குரலில் பாடியிருக்கிறார்கள் போல. பரவாயில்லை, நன்றாகத்தான் இருக்கிறது" என்று பெருந்தன்மையாகச் சொன்னேன். அவன் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! "சார், இது ஹாரி நில்சன். 1971. மரியா கேரி அப்போது கைக்குழந்தை" என்றான்.

என் பக்க நியாயத்தையும் கேளுங்கள். 1994-இல் எனக்குப் பதினேழு வயது. பக்கத்து வீட்டு கேபிள் டிவியில் அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு 'மியூசிக் பாக்ஸ்' கேசட்டை வாங்கி, நாடா இழுபடும்வரை கேட்டவன் நான். முப்பது வருடமாக அது மரியாவின் பாட்டு என்றே இருந்துவிட்டேன்.

இப்போது நில்சன் பாடியதை ஒரு இருபது தடவை கேட்டாயிற்று. எது உசத்தி என்று முடிவுக்கு வர முடியவில்லை. உங்கள் ஓட்டு எதற்கு?

#2 சோளப்பொரி | வெள்ளி, இரவு 10:31

என் ஓட்டு 'கென் லீ'க்கு. 2008-இல் பல்கேரியா நாட்டு மியூசிக் ஐடல் போட்டியில் ஒரு பெண்மணி இதே பாட்டைக் காதில் விழுந்தபடியே பாடினார். 'கான்ட் லிவ்' என்பது அவர் வாயில் 'கென் லீ' ஆகிவிட்டது. நடுவர் எந்த மொழி என்று கேட்டார், அம்மணி கொஞ்சமும் தயங்காமல் ஆங்கிலம் என்றார். பாட்டின் பெயரையும் 'கென் லீ' என்றேதான் சொன்னார். யூடியூபில் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து விவாதத்தைத் தொடரவும்.

#3 பக்கம்_பி | வெள்ளி, இரவு 11:05

பழையகேசட், நீங்கள் ஒரு படி ஏறிவிட்டீர்கள், இன்னும் ஒரு படி பாக்கி. உங்கள் அலுவலகத்துப் பையன் சொன்னதும் முழுதாகச் சரியில்லை. முதலில் வந்தது நில்சன் பாடியது அல்ல.

1970 நவம்பரில் 'நோ டைஸ்' என்ற எல்பி வந்தது. பேட்ஃபிங்கர் என்ற பிரிட்டிஷ் குழுவின் இசைத்தட்டு, பீட்டில்ஸின் சொந்த நிறுவனமான ஆப்பிள் வெளியீடு. அதன் முதல் பக்கத்துக் கடைசிப் பாட்டுதான் 'வித்தவுட் யூ'. எழுதியவர்கள் அக்குழுவின் பீட் ஹாம், டாம் எவன்ஸ். அதைத் தனிப்பாட்டாக, சிங்கிளாக, வெளியிட யாருக்கும் தோன்றவில்லை. அதற்கு முந்தைய பாட்டான 'நோ மேட்டர் வாட்' சிங்கிளாக வந்து வெற்றியும் பெற்றது. இதுவோ முள் உள்வட்டத்தைத் தொட்டதும் தட்டைத் திருப்பிப் போடும் அவசரத்தில் ஜனங்கள் தாண்டிப்போன பாட்டு.

#4 பழையகேசட் | வெள்ளி, இரவு 11:09

அடக் கடவுளே.

#5 யாழ்நிலா | வெள்ளி, இரவு 11:48

டொராண்டோவிலிருந்து எழுதுகிறேன். பழையகேசட் அண்ணா, வெட்கப்படாதீர்கள். நில்சனே உங்களை மாதிரித்தான் ஏமாந்தவர். லாஸ் ஏஞ்சலிஸ் பக்கம் லாரல் கேன்யனில் ஒரு விருந்தில் இந்தப் பாட்டைக் கேட்டு, பீட்டில்ஸ் பாட்டு என்றே நினைத்திருக்கிறார். பிறகு பீட்டில்ஸ் இசைத்தட்டுகளில் தேடிப் பார்த்தும் அகப்படவில்லை. கடைசியில்தான் அது பேட்ஃபிங்கர் என்று தெரிந்ததாம்.

அப்ப, ஆளாளுக்கு ஒரு படி பிந்தித்தான் வந்து சேர்கிறார்கள். மரியாவும் நில்சனின் பதிவைக் கேட்டுத்தான் பாட எடுத்தார், பேட்ஃபிங்கருடையதை அல்ல.

#6 பக்கம்_பி | சனி, காலை 7:20

நில்சன் ஏமாந்ததில் ஆச்சரியமே இல்லை. ஆப்பிள் நிறுவனம், அபே ரோடு ஸ்டுடியோ, பீட்டில்ஸின் ஒலிப்பதிவாளர் ஜெஃப் எமரிக் தயாரிப்பாளர். அதற்கு முன் இந்தக் குழுவைக் கரை சேர்த்த 'கம் அண்ட் கெட் இட்' பாட்டோ பீட்டில்ஸின் பால் மெக்கார்ட்னி எழுதிக்கொடுத்தது. இன்னொரு பீட்டில், ஜார்ஜ் ஹாரிசனின் 'ஆல் திங்ஸ் மஸ்ட் பாஸ்' ஆல்பத்தில் இவர்கள் கிதார் வாசித்திருக்கிறார்கள். குரலிலும் அந்தச் சாயல் இருந்தது. அந்தச் சாயலே அவர்களுக்கு வினையாகவும் ஆயிற்று. குட்டி பீட்டில்ஸ் என்ற முத்திரை கடைசிவரை போகவில்லை.

பாட்டு பிறந்த கதையைச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. லண்டன் கோல்டர்ஸ் கிரீனில் ஒரே வீட்டில் எல்லோரும் குடியிருந்த காலம். பீட் ஹாமிடம் 'இஃப் இட்ஸ் லவ்' என்று ஒரு பாட்டு பாதியில் கிடந்தது. சரணம் அருமை, பல்லவி சோடை. டாம் எவன்ஸிடம் இருந்தது நேர் எதிர். காதலி விட்டுப்போன வேதனையில், நீ இல்லாமல் வாழ முடியாது என்று எழுதிய ஒரு பல்லவி, அதைத் தாங்கிப்பிடிக்கச் சரணம் இல்லை. இரண்டையும் சேர்த்து ஒட்டினார்கள், அவ்வளவுதான்.

பீட் எழுதிய பகுதியில், நீ எப்போதும் சிரிக்கிறாய், ஆனால் கண்ணில் சோகம் தெரிகிறது என்று ஒரு வரி வரும். அது கற்பனை இல்லை என்பார்கள். ஒரு நாள் பீட் தன் தோழியோடு வெளியே போவதாக வாக்குக் கொடுத்திருந்த மாலையில், பாட்டு வேலைக்கு வா என்று டாம் கூப்பிட்டாராம். போய்வா என்று அந்தப் பெண் சிரித்தபடி அனுப்பிவைத்தார். சிரித்தது வாய் மட்டும்தான் என்பதை பீட் கவனித்திருக்கிறார்.

#7 கீபோர்டு_மணி | சனி, காலை 9:02

நான் பதினெட்டு வருடம் ஹோட்டல் லவுஞ்சில் வாசித்தவன். இந்தப் பாட்டை எத்தனை முறை வாசித்திருப்பேன் என்று கணக்கே இல்லை. வாசிக்கிறவன் பக்கத்திலிருந்து கொஞ்சம் சொல்கிறேன்.

பேட்ஃபிங்கர் பதிவைக் கேட்டால் முதலில் ஏமாற்றமாக இருக்கும். கிதாரும் ஆர்கனுமாக ஒரு ராக் குழு தன் அறையில் உட்கார்ந்து வாசிக்கிற மாதிரி. பல்லவி வருகிற இடத்தில் பெரிய எடுப்பு எதுவும் இருக்காது. கேட்பவனை அழவைக்க வேண்டும் என்று அவர்கள் நினைக்கவே இல்லை.

நில்சன் செய்தது, இல்லை, தயாரிப்பாளர் ரிச்சர்ட் பெர்ரி செய்தது வேறு. முதலில் பியானோ, குரல், அவ்வளவுதான். முதல் தடவை பல்லவி வரும்போது நில்சன் கீழ் ஸ்தாயியிலேயே பாடிவிட்டுப் போய்விடுவார். அட, இவ்வளவுதானா என்று நினைப்போம். மறுபடியும் பல்லவி வரும்போது அதே மெட்டை ஒரு ஸ்தாயி மேலே தூக்கி அடிப்பார் பாருங்கள். மெட்டில் ஒரு சுரம் மாறவில்லை, இருக்கிற இடம்தான் மாறியது. முதலில் அடக்கி வாசித்தது இதற்காகத்தான் என்று அப்போதுதான் புரியும்.

இன்னொன்று தாளம். அதற்கு முன்பெல்லாம் சோகப்பாட்டு என்றால் டிரம்மர் பூனை மாதிரி நடப்பார். இதில் ஜிம் கெல்ட்னர் இரண்டாவது அடியிலும் நாலாவது அடியிலும் ஸ்னேர் டிரம்மைக் கனமாகப் போடுகிறார், ராக் பாட்டுக்குப் போடுகிற மாதிரி. மெதுவான பாட்டு, கனமான அடி. அந்தக் காலத்தில் இப்படி யாரும் செய்யவில்லை என்று பெர்ரியே பின்னாளில் சொல்லியிருக்கிறார். பவர் பாலட் என்று, மெதுவாகத் தொடங்கி ராக் பலத்தோடு பொங்குகிற சோகப்பாட்டு வகையே பிற்பாடு வந்ததே, அதன் அச்சு இங்கேதான் வார்க்கப்பட்டது என்பது என் கட்சி. சண்டைக்கு வருகிறவர்கள் வரலாம்.

#8 சோளப்பொரி | சனி, காலை 9:15

மணி அண்ணே, லவுஞ்சில் நீங்கள் வாசிக்கும்போது பாடினது யார்? அந்த மேல் ஸ்தாயியை எட்டினாரா?

#9 கீபோர்டு_மணி | சனி, காலை 9:21

எட்டவில்லை தம்பி. நான் இரண்டு கட்டை இறக்கி வாசிப்பேன். அப்படியும் எட்டாத நாளில் ஸ்டிரிங்ஸ் வால்யூமைக் கூட்டி மூடிவிடுவேன். மேஜையில் இருப்பவர்கள் கை தட்டுவார்கள்.

#10 பக்கம்_பி | சனி, காலை 10:40

மணி சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நில்சனுக்கு அந்த ஆடம்பரம் பிடிக்கவே இல்லை. தனியே பியானோவோடு பாடிய மாதிரிப் பதிவு ஒன்று வைத்திருந்தார். அதுவே போதும், எளிமையாக இருக்கட்டும் என்பது அவர் எண்ணம். லண்டன் டிரைடண்ட் ஸ்டுடியோவில் பெர்ரி பிடிவாதமாக இழுத்துப்போய்ப் பாட வைத்திருக்கிறார். பதிவு நடக்கும்போதே வாசிப்பவர்களிடம் இந்தப் பாட்டு சகிக்கவில்லை என்று நில்சன் முணுமுணுத்தாராம்.

வாசித்தவர்களையும் பாருங்கள். பியானோ கேரி ரைட், பேஸ் கிதார் கிளாஸ் ஃபோர்மன், கயிற்றுக்கருவிகளுக்கும் பித்தளைக் கருவிகளுக்கும் இசை எழுதியவர் பால் பக்மாஸ்டர். பேட்ஃபிங்கர் பதிவு நாலே முக்கால் நிமிடத்தைத் தொடும், இது மூன்றேகால் நிமிடம் சொச்சம். வெட்டினார்கள், இறுக்கினார்கள், அதற்குப் பிறகுதான் பெரிதாக்கினார்கள். 1972 பிப்ரவரி 19 முதல் அமெரிக்காவில் நாலு வாரம் முதலிடம். மார்ச்சில் பிரிட்டனில் ஐந்து வாரம். ஆண் பாப் பாடகருக்கான கிராமி விருதும் கிடைத்தது.

இதில் ஒரு வேடிக்கை. நில்சன் அடிப்படையில் பாட்டு எழுதுகிறவர். அவர் எழுதிய 'ஒன்' பாட்டை த்ரீ டாக் நைட் குழு பாடி ஹிட் ஆக்கியது. அவர் சொந்தக் குரலில் புகழ்பெற்ற இரண்டு பெரிய பாட்டுகளோ, ஃப்ரெட் நீல் எழுதிய 'எவ்ரிபடிஸ் டாக்கின்', அப்புறம் இது. வாங்கிய இரண்டு கிராமியும் அடுத்தவர் பாட்டுக்குத்தான்.

#11 யாழ்நிலா | சனி, பகல் 12:30

எல்லாரும் நில்சன் புராணம் பாடுகிறீர்கள். மரியாவுக்காக யாராவது கதைக்க வேண்டாமா?

மரியாவும் தயாரிப்பாளர் வால்டர் அஃபனாசியெஃபும் சேர்ந்து செய்த பதிவு நில்சனின் வடிவத்தை அப்படியே எடுத்துக்கொள்கிறது. முதல் பல்லவி கீழே, அடுத்தது மேலே, எல்லாம் அதேதான். அவர் சேர்த்தது தேவாலயக் கோஷ்டிப் பாட்டின் சூடு. பின்னணிக் குரல்கள் கூட்டமாக எழும்பி வரும்போது, நில்சனிடம் தனியாக ஒரு அறையில் அழுத பாட்டு, ஒரு சபை நடுவில் அழுகிற பாட்டாகிறது. நியூயார்க் மாநிலம் ஸ்கெனெக்டடி நகரில் பிராக்டர்ஸ் என்ற பழைய தியேட்டரில் மேடையில் பாடியதுதான் அந்த வீடியோ. கறுப்பு உடுப்பில் நின்ற இடத்தில் நின்று பாடுவார். ஆட்டம் பாட்டம் ஒன்றும் இல்லை.

அமெரிக்காவில் மூன்றாம் இடத்தோடு நின்றுவிட்டது. ஐரோப்பாவில்தான் அடித்து நொறுக்கியது. பிரிட்டனில் நாலு வாரம் முதலிடம், அங்கே அவருக்கு அதுதான் முதல் முதலிடம். ஜெர்மனி, சுவிட்சர்லாந்து, நெதர்லாந்து என்று எல்லா இடத்திலும் உச்சம். அந்த நாடுகளில் அப்ப வளர்ந்த எங்கட பிள்ளைகள் பலருக்கு இது மரியா பாட்டுத்தான். என் மச்சாள் சூரிச்சில் இருந்து கசெற்றில் பதிந்து தபாலில் அனுப்பினாள். பாட்டுக்கு நடுவில் ஜெர்மன் மொழியில் ஒரு அறிவிப்பாளர் ஏதோ சொல்வார். இப்பவும் அந்த இடம் வந்தால் என் மனசு அவர் குரலுக்குக் காத்திருக்கும்.

இன்னொரு விஷயம். நில்சன் இறந்தது 1994 ஜனவரி 15. மரியாவின் பாட்டு அமெரிக்காவில் சிங்கிளாக வந்தது ஆறு நாள் கழித்து.

#12 பழையகேசட் | சனி, பகல் 1:10

ஆறு நாளா? அந்த வருடம் வகுப்பில் உட்கார்ந்து நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் இந்தப் பாட்டின் வரிகளை எழுதிக்கொண்டிருந்தேன். நில்சன் என்று ஒருவர் இருந்ததும் தெரியாது, போனதும் தெரியாது.

ஒரு சந்தேகம். பிறகு நில்சன் மேடையில் இதைப் பாடியிருக்கிறாரா? தேடினால் எதுவும் சரியாகக் கிடைக்கவில்லை.

#13 பக்கம்_பி | சனி, பகல் 2:25

அவர் கச்சேரிப் பயணம் போகாத ஆள். போதாததற்கு 1974-இல் பீட்டில்ஸின் ஜான் லெனன் தயாரித்த ஆல்பத்துக்குப் பாடும்போது குரல் நாணில் காயம். இரவெல்லாம் குடி, பகலெல்லாம் கத்தல். லெனனுக்குத் தெரிந்தால் பதிவை நிறுத்திவிடுவார் என்று பயந்து மறைத்துவிட்டாராம். 'வித்தவுட் யூ'வில் நாம் கேட்கிற அந்தக் குரல் அத்தோடு போயிற்று.

1992-இல் லாஸ் வேகாஸில், பீட்டில்ஸின் டிரம்மர் ரிங்கோ ஸ்டார் நடத்திய குழுவோடு மேடையேறி இந்தப் பாட்டைப் பாடினார். உச்ச சுரங்களை டாட் ரண்ட்கிரன் எடுத்துக்கொண்டார். பேட்ஃபிங்கரின் 'ஸ்ட்ரெய்ட் அப்' ஆல்பத்தை முடித்துக்கொடுத்தவரும் இதே ரண்ட்கிரன்தான். சுற்றிச் சுற்றி ஒரே குடும்பம்.

#14 சோளப்பொரி | சனி, பகல் 2:40

சரி, எழுதிய இரண்டு பேரும் கோடீஸ்வரர்கள் ஆகியிருப்பார்களே?

#15 பக்கம்_பி | சனி, மாலை 5:55

இந்தக் கேள்வி வரக் கூடாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

முதலில் கணக்கு. அமெரிக்கச் சட்டப்படி, ஒரு பாட்டு ஒரு தடவை வெளியாகிவிட்டால் வேறு யார் வேண்டுமானாலும் அனுமதி கேட்காமல் மறுபதிவு செய்யலாம், சட்டம் சொல்லும் தொகையைக் கட்டிவிட வேண்டும். அந்தத் தொகை 1909-இலிருந்து 1977 வரை ஒரு பிரதிக்கு இரண்டே சென்ட். வழக்கமாக அதில் பாதி பதிப்பகத்துக்கு. மீதி ஒரு சென்ட்டை இருவர் பிரித்தால் ஆளுக்கு அரை சென்ட். 1994-இல் அது 6.6 சென்ட் ஆகியிருந்தது. வானொலியில் பாட்டு ஒலித்தால் அமெரிக்காவில் எழுதியவருக்கு மட்டும்தான் பணம், பாடியவருக்கும் வாசித்தவருக்கும் கிடையாது. ஆக, பாட்டு எழுதியவர்தான் நீண்டகாலத்துக்குச் சம்பாதிக்க வேண்டும்.

ஆனால் பேட்ஃபிங்கரின் வருமானம் அமெரிக்க மேலாளர் ஸ்டான் பாலி அமைத்த நிறுவனத்துக்குப் போனது. குழுவில் இருந்தவர்களுக்கு அதிலிருந்து சம்பளம். உலகமே பாடிக்கொண்டிருந்த பாட்டை எழுதியவர்கள் மாதச் சம்பளக்காரர்கள். பிறகு வார்னர் நிறுவனத்துக்கு மாறினார்கள். முன்பணத்தில் ஒரு பகுதிக்குக் கணக்கு வரவில்லை என்று வார்னர் வழக்குப் போட்டது. 1974 கடைசியில் வந்த 'விஷ் யூ வேர் ஹியர்' ஆல்பம் சில வாரங்களிலேயே கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. அது அவர்களின் நல்ல ஆல்பம், நான் சத்தியம் செய்வேன்.

பீட் ஹாம் 1975 ஏப்ரல் 24 அன்று தன் உயிரை மாய்த்துக்கொண்டார். மூன்று நாள் கழித்து அவருக்கு இருபத்தெட்டு வயது ஆகியிருக்கும். எழுதிவைத்த குறிப்பில் மேலாளரைக் குற்றம்சாட்டியிருந்தார். அவர் மகள் பிறந்தது அதற்கு அடுத்த மாதம்.

டாம் எவன்ஸ் அதிலிருந்து மீளவில்லை. இந்தப் பாட்டின் வருமானத்தில் யார் யாருக்கு எவ்வளவு பங்கு என்று பழைய கூட்டாளிகளுக்குள் தகராறு ஓடிக்கொண்டே இருந்தது. 1983 நவம்பர் 19 அன்று அவரும் அதே முடிவை எடுத்தார். முதல் நாள் இரவுகூட போனில் பணச் சண்டை.

#16 யாழ்நிலா | சனி, இரவு 7:14

டாம் எழுதினதுதான் அந்தப் பல்லவி, இல்லையா.

#17 பக்கம்_பி | சனி, இரவு 7:16

ஆமாம்.

#18 கீபோர்டு_மணி | ஞாயிறு, காலை 8:30

நேற்று இரவு பேட்ஃபிங்கர் பதிவைத் தனியே போட்டுக் கேட்டேன். முன்பு எழுதியதில் ஒரு வார்த்தையை மாற்றிக்கொள்கிறேன். ஏமாற்றமாக இருக்கும் என்றேன் அல்லவா? தப்பு. நில்சனைக் கேட்ட காதோடு கேட்டால்தான் ஏமாற்றம். அந்தக் காதைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டால், இது அழுது ஆர்ப்பாட்டம் செய்கிறவன் பாட்டு இல்லை. வெட்கப்பட்டுக்கொண்டே சொல்கிறான். பல்லவியில் குரல்கள் ஒன்றாகச் சேரும்போது, ஒருவன் சொல்ல முடியாததை நண்பர்கள் தோள் கொடுத்துச் சொல்வது மாதிரி இருக்கிறது. லவுஞ்சில் ஒரு நாளாவது இப்படி வாசித்திருக்கலாம். யாரும் கை தட்டியிருக்க மாட்டார்கள்.

#19 சோளப்பொரி | ஞாயிறு, காலை 9:50

நான் கேட்ட கேள்விக்கு இப்படி ஒரு பதில் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. இதே மாதிரி மறுபதிவில் எழுதியவருக்கு நல்லது நடந்த கதை ஏதாவது இருக்கிறதா?

#20 யாழ்நிலா | ஞாயிறு, பகல் 11:20

இருக்கே. 'ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ'. டாலி பார்ட்டன் எழுதி 1974-இல் பாடியது. எல்விஸ் பிரெஸ்லி பாட ஆசைப்பட்டார். ஆனால் அவருடைய மேலாளர் கர்னல் பார்க்கர் பதிப்புரிமையில் பாதி வேண்டும் என்று கேட்டார். டாலி அழுதாலும் கொடுக்கவில்லை. 1992-இல் விட்னி ஹூஸ்டன் பாடி அமெரிக்காவில் பதினாலு வாரம் முதலிடம். டாலிக்கு யோகம்தான். பேட்ஃபிங்கர் பெடியன்களுக்கு அப்படித் துணிஞ்சு மாட்டேன் என்று சொல்ல ஒருத்தரும் பக்கத்தில் இல்லை.

#21 வெண்கலமணி | ஞாயிறு, பகல் 11:41

பாட்டு எழுதியவருக்கா, பாடியவருக்கா, இசையமைத்தவருக்கா சொந்தம் என்று நம்மூரிலும்தான் நோட்டீஸ் பறந்தது. அதைப் பற்றி ஒரு வார்த்தை

#22 நெறியாளர் | ஞாயிறு, பகல் 11:43

வேண்டாம். அந்தச் சண்டைக்குத் தனி இழை இருக்கிறது, நாற்பது பக்கம் ஓடிப் பூட்டப்பட்டும்விட்டது. இங்கே பேட்ஃபிங்கரோடு நிற்போம்.

#23 பக்கம்_பி | ஞாயிறு, மாலை 4:05

சோளப்பொரிக்கு ஒரு சின்ன ஆறுதல். 2013-இல் 'பிரேக்கிங் பேட்' என்ற அமெரிக்க டிவி தொடரின் கடைசிக் காட்சியில் பீட் ஹாம் எழுதிய 'பேபி ப்ளூ' ஒலித்தது. மறுநாளே இணையத்தில் அந்தப் பாட்டு மளமளவென்று விற்றது. அதே வருடம் ஏப்ரல் 27 அன்று, பீட் பிறந்தநாளில், வேல்ஸ் நாட்டு ஸ்வான்சி நகரில் அவருக்கு நீல நிற நினைவுப் பலகை வைத்தார்கள். இடம் ரயில் நிலையத்தை ஒட்டிய ஐவி பிளேஸ். பேட்ஃபிங்கர் ஆவதற்கு முன் குழுவுக்கு 'தி ஐவீஸ்' என்று பெயர். அந்தத் தெருவின் பெயரைத்தான் வைத்துக்கொண்டிருந்தார்கள்.

#24 கீபோர்டு_மணி | ஞாயிறு, மாலை 4:30

நெறியாளருக்கு ஒரு விண்ணப்பம். இழையின் தலைப்பில் மரியா பெயரும் நில்சன் பெயரும் மட்டும் இருக்கின்றன. எழுதியவர்கள் பெயரையும் சேர்த்தால் நன்றாக இருக்கும்.

#25 நெறியாளர் | ஞாயிறு, மாலை 5:02

சேர்த்துவிட்டேன். ஆனால் தலைப்புக்கு இவ்வளவு எழுத்துதான் என்று மென்பொருளில் ஒரு வரம்பு இருக்கிறது. பேட்ஃபிங்கர் பெயர் பாதியில் வெட்டுப்பட்டு நிற்கிறது. என்ன செய்யட்டும்?

#26 சோளப்பொரி | ஞாயிறு, மாலை 5:04

இங்கேயும் அவர்களுக்குத்தானா! மரியாவை எடுத்துவிடுங்கள், இடம் கிடைக்கும்.

#27 பழையகேசட் | ஞாயிறு, மாலை 5:20

எடுக்காதீர்கள். என்னை மாதிரி ஆள் அந்தப் பெயரைத் தேடித்தான் இங்கே வருவான்.